சீட்டு "வெயிட்டிங்"னு சொன்னா என்ன செய்யணும்?

நாம கல்லூரிக்குப் போக இன்னும் வருஷம் இருக்கு. ஆனா நம்ம வீட்டு அக்கா, அண்ணன்களுக்கு இது இப்பவே தேவை. அதனால் எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்தவர்கள் அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கிறார்கள். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் திரு. ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்கலாம். பிறகு தரவரிசைப் பட்டியல் ஒட்டி, கலந்தாய்வுக்குக் கூப்பிடுவார்கள். நம்ம முறை வருவதற்குள் கேட்ட பாடம் நிரம்பிவிட்டால் "அடுத்த கலந்தாய்வுக்கு வாங்க" என்பார்கள். உடனே பலர் சீட்டு இல்லைன்னு முடிவு பண்ணி வீட்டுக்கு வந்துடுறாங்க. அது தப்பு. பட்டியல் நகரும்.

ஏன் நகருது? நிறைய மார்க் எடுத்தவங்க இன்ஜினியரிங், நர்சிங், வேளாண்மைன்னு எல்லாத்துக்கும் போட்டிருப்பாங்க. அங்கே சீட்டு கிடைச்சதும் இங்கே டி.சி. வாங்கிட்டுப் போயிடுவாங்க. அந்த இடம் காலியாகும். அது அடுத்தடுத்த கலந்தாய்வில் பின்னால் இருப்பவர்களுக்கு வரும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பட்டியல் ஒண்ணு இல்ல. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க்கை மட்டும் பார்ப்பாங்க. பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க். மற்ற பாடங்களுக்கு, மொழிப் பாடம் இரண்டும் போக மீதி நான்கு பாடங்களின் 400 மார்க். எங்க தெரு அக்கா ஒருவர் வேதியியல் கேட்டார். 400க்கான பட்டியலில் ரொம்பப் பின்னால் இருந்தார். ஆனா தமிழில் மார்க் அதிகம். தமிழ்ப் பட்டியலில் முன்னால் இருந்தார். இரண்டாவது கலந்தாய்வில் பி.ஏ. தமிழ் கிடைத்தது. இப்ப திண்டிவனத்துக்கு தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். (வேதியியல் போச்சேன்னு கொஞ்ச நாள் அழுதாங்க, அது வேற கதை.)

69 சதவீத இட ஒதுக்கீடு இருப்பதால் ஒவ்வொரு பிரிவுக்கும் வரிசை தனியாக நகரும். அதனால் கல்லூரியில் "சீட்டு இருக்கா?" என்று கேட்டால் போதாது. "என் பிரிவில் எத்தனாவது ரேங்க் வரைக்கும் கூப்பிட்டீங்க?" என்று கேட்கணும். அப்பதான் நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று தெரியும்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் உறுப்புக் கல்லூரிகள் இருக்கு. அந்தக் கலந்தாய்வு வேற மாதிரி. கிடைத்ததை வைத்துக்கொண்டே "மேலே கேட்டது காலியானா அதைக் கொடுங்க" என்று கம்ப்யூட்டரிலேயே குறிக்கலாம். பிளஸ் டூ துணைத்தேர்வில் பாஸ் ஆனவர்களுக்கும் துணைக் கலந்தாய்வு உண்டு.

போன் நம்பர் ரொம்ப முக்கியம். கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் போடும்போது கடைக்காரர் நம்பரைக் கொடுத்துவிட்டால் மெசேஜ் அவருக்குத்தான் போகும். வீட்டு நம்பரைக் கொடுங்க. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவையில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துடணும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போய் வர நாளாகும். கூப்பிட்ட அன்னைக்கு அலைய முடியாது.

பயத்தில் சில பேர் தனியார் கல்லூரியில் பணம் கட்டி ஒரிஜினல் சான்றுகளைக் கொடுத்துடுறாங்க. பிறகு அரசு கல்லூரியில் கூப்பிட்டால் கையில் எதுவும் இருக்காது. ஒரிஜினல்களைப் பிடித்து வைக்கக் கூடாது, விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரணும் என்று யு.ஜி.சி. 2018ல் அறிவித்திருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்க.

பொண்ணுங்களுக்கு இந்த இடைப்பட்ட மாசம்தான் கஷ்டம். "சீட்டுதான் இல்லையே" என்று கம்பெனி வேலைக்கு அனுப்புவாங்க, இல்ல மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க. அதனால் அடுத்த கலந்தாய்வு தேதி, நம்ம ரேங்க், கூப்பிட்ட ரேங்க் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அப்பாகிட்ட காட்டுங்க. நம்ம டீச்சர் யாரையாவது வீட்டில் வந்து பேசச் சொல்லலாம். அந்த அக்கா வீட்டுக்கு அவங்க தமிழ் டீச்சர்தான் வந்து பேசினாங்க.

– 9ஆம் வகுப்பு மாணவி