சாக்லேட் நீரூற்று: நாம் தர வேண்டிய சரக்கு எது?

திருமண வரவேற்புகளில் ஐஸ்கிரீம், பீடா வரிசையில் சாக்லேட் நீரூற்றும் இடம்பிடித்துவிட்டது. சமையல் கான்ட்ராக்டர்கள் நம்மிடம் "ஐந்து கிலோ சாக்லேட்" என்று மட்டுமே கேட்பார்கள். எதற்கு என்று விசாரித்துத் தருவதே முறை.

இயந்திரத்தின் நடுவிலுள்ள திருகுத்தண்டு உருகிய சாக்லேட்டை மேலே ஏற்ற, அது அடுக்குத் தட்டுகளில் வழிகிறது. குழம்பு கெட்டியானால் திரைபோல் விழாது, மோட்டாரும் திணறும். கொக்கோ வெண்ணெய் மிகுந்த 'கூவர்ச்சர்' வகை பெரும்பாலும் அப்படியே ஓடும், விலை கூடுதல். வேறு தாவரக் கொழுப்பில் செய்த 'காம்பவுண்டு' மலிவு. ஆனால் ஓட்டம் போதாவிட்டால் கிலோவுக்கு 50 முதல் 100 மி.லி. வரை மணமற்ற ரீபைண்ட் எண்ணெய் சேர்க்க நேரும். காம்பவுண்டைச் சாக்லேட் என்று விற்பது நாணயமன்று. பில்லிலும் உள்ளபடியே எழுதுவோம்.

சிறிதளவு தண்ணீர் கலந்தாலும் குழம்பு கட்டிதட்டிவிடும். எனவே பழத்துண்டுகளை ஈரம் துடைத்து வைக்கவும், மின்விசிறிக்கு நேரே இயந்திரத்தை வைக்காதிருக்கவும் சொல்லி அனுப்புவோம்.

கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸிலேயே உருகும். கோடையில் கடை அலமாரி தாங்காது. ஆகவே முன்பணம் பெற்ற பின் கொள்முதல் செய்வது நலம். விருந்தினர் முன் நீரூற்று நின்றுபோனால் பழி, சரக்கு தந்தவர் தலையில்தான் விழும்.