ஒரு பிரதி போதாது
டெப்பில் இருக்கும் படங்களையும் பத்திரங்களையும் பென் டிரைவுக்கு மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

"பிள்ளை, இதுக்குள்ள இருந்த என்ர மகன்ர படங்கள் எல்லாம் எங்க போட்டுது?"

எமது தையல் வகுப்பு நடக்கும் மண்டப வாசலில் நின்று அந்த அம்மா இப்படிக் கேட்டார். கையில் பழைய டெப் ஒன்று இருந்தது. பென் டிரைவைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். 2009ஆம் ஆண்டு காணாமற்போன மகனின் படங்கள் 46 அதில் இருந்தன. இடப்பெயர்வுகளின்போது அல்பங்கள் கைவிட்டுப்போக, உறவினர் வீடுகளில் எஞ்சியிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படம் பிடித்துச் சேர்த்து வைத்தவை அவை.

அந்த டெப் பேத்தியின் படிப்புக்காக வாங்கியது. 2020ஆம் ஆண்டு கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது கடன்பட்டு வாங்கினார்கள். பாடங்களும் வீடியோக்களும் சேர்ந்து இடம் நிரம்பிவிட்டது. "அம்மம்மா, மாமாவின்ர படங்களைப் பென் டிரைவுக்கு மாத்துவம், அப்ப இடம் வரும்" என்று பேத்தி நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். படங்களைத் தெரிவு செய்து 'மூவ்' என்பதை அழுத்தினாள். திரையில் வேலை முடிந்ததுபோலத் தெரிந்ததும் பென் டிரைவைச் சட்டென்று இழுத்து எடுத்துவிட்டாள். மறுநாள் செருகிப் பார்த்தபோது, பென் டிரைவ் பழுதடைந்துள்ளது, 'போமட்' செய்யவும் என்று டெப் சொன்னது. டெப்பிலோ படங்கள் இல்லை.

அந்த நேரத்தில் அம்மா செய்த ஒரு காரியம்தான் பெரும்பகுதியைக் காப்பாற்றியது. "விளங்காத ஒண்டையும் அமத்தாத பிள்ளை" என்று சொல்லிப் பென் டிரைவைக் கழற்றி எம்மிடம் கொண்டுவந்துவிட்டார்.

எம்மில் பலரது வீடுகளில் இன்று இதே நிலைமை காணப்படுகின்றது. பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப் பத்திரம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் அட்டை, ஆணைக்குழுக்களுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் போனிலோ டெப்பிலோ படமாக இருக்கின்றன. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது. 2013இல் காணாமற்போனோர் பற்றி விசாரிக்க இன்னொரு ஆணைக்குழு வந்தது. 2016ஆம் ஆண்டின் சட்டத்தின்படி காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு இடத்திலும் அதே பத்திரங்களைத்தான் மறுபடி கேட்டார்கள். ஆகவே, டெப்பில் இருந்து வேறொன்றுக்குக் கோப்புகளை மாற்றத் தெரிந்துகொள்வது எமக்கு அவசியமான ஒரு கைவேலை என்றே சொல்ல வேண்டும்.

செருகினேன், ஒன்றும் வரவில்லை

முதலாவது பிரச்சினை இதுதான். டெப்பின் துளை சிறியது, பென் டிரைவின் முனை பெரியது. இரண்டையும் இணைக்க ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய இணைப்பான் தேவை. வாங்கும்போது டெப்பையும் கையில் கொண்டு செல்லுங்கள். பழைய டெப்களில் மைக்ரோ யூ.எஸ்.பி. துளையும், புதியவற்றில் டைப் சி துளையும் இருக்கும். சில மலிவான டெப்கள் இந்த இணைப்பை ஏற்பதே இல்லை. சில மொடல்களில் செட்டிங்ஸ் பகுதிக்குள் ஓ.டி.ஜி. என்பதை நாமே திறந்துவிட வேண்டும்.

பென் டிரைவ் வேலை செய்கிறது, பெரிய ஹார்ட் டிஸ்க் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மின்சாரம். ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே தட்டு ஒன்று சுழல்கின்றது. அதைச் சுழற்றும் அளவு மின்சாரத்தைச் சிறிய டெப்பால் கொடுக்க முடியாது. விளக்கு எரியும், டிக் டிக் என்று சத்தம் கேட்கும், ஆனால் திரையில் ஒன்றும் வராது. அந்தச் சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிடுங்கள். தனி மின் இணைப்புள்ள யூ.எஸ்.பி. ஹப் ஒன்றை இடையில் வைத்தால் சரிவரலாம். இல்லையேல் கணினி ஊடாக மாற்றுவதே நல்லது.

கணினியில் இணைத்தால் டெப் சார்ஜ் மட்டும் ஆகிறது, கோப்புகள் தெரியவில்லை என்பது இன்னொரு முறைப்பாடு. முதலில் டெப்பின் பூட்டைத் திறவுங்கள். திரையின் மேற்பகுதியைக் கீழே இழுத்தால் யூ.எஸ்.பி. பற்றிய அறிவிப்பு ஒன்று இருக்கும். அதை அழுத்தி, 'சார்ஜிங்' என்பதற்குப் பதிலாக 'பைல் ட்ரான்ஸ்பர்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். அப்படியும் வராவிட்டால் வயரை மாற்றிப் பாருங்கள். மலிவான வயர்கள் சிலவற்றில் மின்சாரம் செல்லும் கம்பி மட்டுமே இருக்கும்.

'போமட்' செய்யச் சொல்கிறதா? பொறுங்கள்

பென் டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ தனக்குள் கோப்புகளை ஓர் ஒழுங்கில் அடுக்கி வைக்கின்றது. அந்த ஒழுங்கு மூன்று வகையாகப் பரவலாக உள்ளது. பேட் 32 என்பது பழையது. ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் அதை வாசிக்கும். ஆனால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட தனிக் கோப்பு ஒன்றை அது ஏற்காது. ஒரு கலியாண வீட்டின் நீண்ட வீடியோ, பென் டிரைவில் இடம் இருந்தும் ஏறாமல் நிற்பது இதனால்தான். என்.டி.எப்.எஸ். என்பது விண்டோஸ் கணினிகளுக்கு உரியது. பல ஆண்ட்ராய்ட் டெப்கள் அதை வாசிக்க மாட்டா. ஐபேட் அதை வாசிக்கும், ஆனால் அதில் எழுதாது. எக்ஸ்பேட் என்பது 2006இல் வந்தது. பெரிய கோப்புகளையும் ஏற்கும். இன்றைய டெப்களிலும் கணினிகளிலும் பெரும்பாலும் வேலை செய்யும்.

டெப்புக்கு விளங்காத ஒழுங்கில் உள்ள டிரைவைச் செருகினால், இது பழுதானது, 'போமட்' செய்யவா என்று அது கேட்கும். உண்மையில் டிரைவில் ஒரு பழுதும் இல்லாமல் இருக்கலாம். 'போமட்' என்றால் உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுப் புதிதாக அடுக்குதல் என்று பொருள். ஆம் என்று அழுத்திவிட்டால் உள்ளதையும் இழப்போம். ஒன்றையும் அழுத்தாமல் கழற்றி, வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். புதிதாக வாங்கிய வெறும் டிரைவை மட்டும், படம் ஏற்றுவதற்கு முன்பே, எக்ஸ்பேட் ஆகப் 'போமட்' செய்து வைத்துக்கொள்ளலாம்.

மெமரி காட் விடயத்திலும் ஒரு பொறி உண்டு. 2015ஆம் ஆண்டு வந்த ஆண்ட்ராய்ட் 6 முதல், சில கருவிகள் மெமரி காட்டை 'இன்டர்னல் ஸ்டோரேஜ்' ஆகப் பயன்படுத்தவா என்று கேட்கும். சம்மதித்தால் அந்தக் காட் அந்த ஒரு கருவிக்கே பூட்டப்பட்டுவிடும். கருவி பழுதானால் காட்டைக் கழற்றி வேறெதிலும் வாசிக்க முடியாது. படங்களைக் காப்பதற்கான காட் என்றால் 'போர்ட்டபிள் ஸ்டோரேஜ்' என்பதையே தெரிவு செய்யுங்கள்.

நகர்த்தாதீர்கள், பிரதி எடுங்கள்

அந்த வீட்டில் நடந்தது என்ன? 'மூவ்' என்பது ஒரு கோப்பை அங்கே எழுதிவிட்டு இங்கே அழித்துவிடும். ஆனால் எழுதி முடிந்தது என்று திரை காட்டும்போதும் சில கோப்புகள் இன்னும் டெப்பின் தற்காலிக நினைவில் நின்றுகொண்டிருக்கும். அந்நேரம் பென் டிரைவைக் கழற்றினால் அங்கே அரைகுறை, இங்கே வெறுமை.

ஆகவே எப்போதும் 'கொப்பி' என்பதையே அழுத்துங்கள். முடிந்ததும் செட்டிங்ஸ் பகுதியில் 'ஸ்டோரேஜ்' என்ற இடத்தில் 'இஜெக்ட்' என்பதை அழுத்திய பின்னரே கழற்றுங்கள். மறுபடி செருகி, நாலைந்து படங்களையாவது பென் டிரைவில் இருந்தே திறந்து பாருங்கள். படங்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். அதன் பின்னர்தான் டெப்பில் உள்ளதை அழிப்பது பற்றி யோசிக்க வேண்டும். அதற்கு முன் டெப்பின் பற்றரி பாதிக்கு மேல் இருக்கின்றதா என்று பார்த்துக்கொள்வதும் நல்லது.

வட்ஸ்அப்பில் வந்த படங்களும் குரல் பதிவுகளும் எங்கே இருக்கின்றன என்று பலர் தேடுவார்கள். ஆண்ட்ராய்ட் கருவிகளில் கோப்புகளைக் காட்டும் செயலிக்குள் 'ஆண்ட்ராய்ட்' என்ற பெட்டி, அதற்குள் 'மீடியா' என்ற பெட்டி, அதற்குள் வட்ஸ்அப்பின் பெட்டி என்று போனால் காணலாம். பழைய கருவிகளில் வெளியிலேயே வட்ஸ்அப் என்ற பெட்டி இருக்கும். இறந்துபோன ஒருவரின் குரல் அதில் இருக்கலாம். டெப்பை மாற்றுவதற்கு முன் அதையும் பிரதி எடுக்க மறவாதீர்கள்.

தவறிவிட்டால் என்ன செய்வது?

முதல் வேலை, அந்தப் பென் டிரைவில் புதிதாக ஒன்றையும் ஏற்றாமல் இருப்பது. அழிந்த கோப்பின் இடத்தில் புதியது எழுதப்படும்வரை பழையதை மீட்க வாய்ப்பு உண்டு. டெப்பிலேயே அழித்துவிட்டால், படங்கள் உள்ள செயலியின் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் 30 நாட்கள் வரை அங்கே இருக்கும்.

கடைக் கணினியில் செருகிய பின் கோப்புகள் எல்லாம் சிறிய அம்புக்குறி போட்ட குறுக்குவழிகளாக மாறிவிட்டனவா? அது வைரஸின் வேலை. அநேகமாக உண்மையான கோப்புகள் மறைக்கப்பட்டிருக்குமே தவிர அழிந்திருக்கமாட்டா. அந்தக் குறுக்குவழிகளை அழுத்தாமல், கணினி தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

கடையில் கொடுக்கும்போது இன்னொரு அவதானம் வேண்டும். பெண்பிள்ளைகளின் படங்களும் குடும்ப விபரங்களும் உள்ள டிரைவை விட்டுவிட்டு வராதீர்கள். பக்கத்திலேயே இருந்து செய்வித்து, கடைக் கணினியில் ஏற்றப்பட்ட பிரதியையும் அழிப்பித்து வாருங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வாங்கும்போதும் ஏமாறக்கூடாது. 2 டி.பி. என்று அச்சிட்டு மிகக் குறைந்த விலைக்கு விற்கும் பென் டிரைவ்கள் போலியானவை. உள்ளே இருப்பது சில ஜி.பி. மட்டுமே. நிரம்பிய பின்னும் ஏற்றுவதுபோல் காட்டும், ஆனால் கோப்புகள் திறவா. எமக்கு அவ்வளவு பெரியது தேவையும் இல்லை. ஒரு படம் 4 எம்.பி. என்று கொண்டால், 16 ஜி.பி. பென் டிரைவில் ஏறக்குறைய 4,000 படங்கள் கொள்ளும்.

இரண்டு வீட்டில் இருக்கட்டும்

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் அதனுடன் போயின. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது, கரையோர வீடுகளின் பத்திரப் பெட்டிகள் வீட்டோடு போயின. 2009இல் பதுங்குகுழிகளிலும் பாதைகளிலும் விட்டுவந்தவை எத்தனை! ஒரே இடத்தில் இருப்பது ஒரே நாளில் போகும் என்பது எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டிய பாடம் அல்ல. பென் டிரைவும் அப்படித்தான். அது தொலையும், ஈரத்தில் பழுதாகும், பல வருடம் செருகாமல் வைத்தால் தானாகவே மறக்கவும் கூடும்.

எனவே மூன்று பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று டெப்பில், ஒன்று வீட்டில் உள்ள பென் டிரைவில், இன்னொன்று வேறு ஊரில் உள்ள நம்பிக்கையான உறவினர் வீட்டில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகித் திறந்து பாருங்கள். எதை முதலில் பிரதி எடுப்பது என்ற கேள்வி வரும். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து மறுபடி பெறலாம். பழைய படத்தை எந்த அலுவலகமும் திருப்பித் தராது. ஆகவே படங்கள் முதலில். அதேவேளை, படம் பிடித்து வைத்தோம் என்பதற்காக மூலப் பத்திரத்தை எறிந்துவிடாதீர்கள். அலுவலகங்களில் மூலத்தையே கேட்பார்கள்.

அந்த அம்மாவின் பென் டிரைவை, கணினி தெரிந்த ஒரு தம்பி இரண்டு நாட்கள் வைத்துப் பார்த்தார். போட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, மீட்டவற்றைப் பென் டிரைவிலேயே எழுதாமல் கணினியில் சேர்த்தார். 31 படங்கள் வந்தன. அம்மா முன்பு வெளிநாட்டில் உள்ள தங்கைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த 9 படங்கள் அங்கிருந்து திரும்பி வந்தன. ஆனால் அவை தெளிவு குறைந்தவை. வட்ஸ்அப் படங்களைச் சுருக்கியே அனுப்பும். 'டொகியூமன்ட்' ஆக அனுப்பியிருந்தால் முழுத் தெளிவுடன் போயிருக்கும்.

மிகுதி 6 படங்கள் வரவில்லை. மகன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சங்கிலி பூட்டும் படம் அதில் ஒன்று. "அது என்ர கண்ணுக்குள்ள இருக்குது பிள்ளை" என்று அம்மா சொன்னார். பேத்தி அழுதுகொண்டிருந்தாள். அவளைத் தன் பக்கத்தில் இருத்தி, "சரி, இப்ப இந்த நாப்பதையும் ரெண்டு இடத்தில போடு. நான் எண்ணிப் பார்க்கிறன்" என்றார்.

அவள் 'கொப்பி' என்பதை அழுத்தினாள். அம்மா ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார்.