செகண்ட்ஸ் குட்டியானை

2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தபோது விலை சுமார் இரண்டேகால் லட்சம் ரூபாய். இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் என்ஜின், முக்கால் டன் பாரம், எந்தச் சந்துக்குள்ளும் திரும்பும் உடம்பு. ஊர் அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்துவிட்டது. அதற்கு முன்னால் சின்ன லோடுக்கு மூன்று சக்கர டெம்போ, பெரிய லோடுக்கு 1986-ல் வந்த டாடா நானூத்தேழு லாரி என்றுதான் இருந்தது. கையில் கொஞ்சம் பணம் சேர்த்த டிரைவர் ஓனர் ஆக முடிந்தது இந்தச் சின்ன வண்டியால்தான். அப்படி ஓனர் ஆனவர்கள் எல்லோரும் சில வருஷம் கழித்துக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வித்தா எவ்வளவு போகும்?

அன்று அதற்குப் பதில் மெக்கானிக்கிடம் இருந்தது. வண்டி பார்க்க விடியற்காலையில்தான் போவார்கள். முதல் நாளே போன் போட்டு, “நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே” என்று சொல்லி வைத்துவிடுவார்கள். ஓடிச் சூடான என்ஜின் பாதிக் குறையை மறைத்துவிடும். ராத்திரி முழுக்க நின்ற என்ஜின் எத்தனை சுற்றில் பிடிக்கிறது என்பதில்தான் விஷயம். பிடித்ததும் மெக்கானிக் ஆயில் மூடியைக் கழற்றி உள்ளங்கையை மேலே வைப்பார். புகை குப்பென்று கையில் அடித்தால் ரிங் தேய்ந்துவிட்டது, என்ஜினை இறக்க வேண்டும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. பிறகு கீழே படுத்து ஸ்பிரிங் பட்டையைப் பார்ப்பார். கம்பெனி போட்டதற்கு மேல் ஒன்றிரண்டு பட்டை ஏறியிருந்தால், முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் அடித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஓனர் எத்தனை சத்தியம் பண்ணினாலும் அதற்கப்புறம் செல்லாது.

மீன் லோடு அடித்த வண்டிக்குத் தனி விலை. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பின்பாடியின் மூட்டுகளில் இறங்கி உள்ளிருந்தே தகட்டைத் தின்றிருக்கும். மேலே புது பெயின்ட் பளபளக்கும். சுத்தியலால் லேசாகத் தட்டினால் ‘டங்’ என்று வராமல் ‘பொத்’ என்று வரும். செங்கல், மணல் அடித்த வண்டி சேஸில் தெரியும். பூ லோடு வண்டியைப் பலர் ஆசையோடு வாங்குவார்கள், பாரமே இல்லையே என்று. ஆனால் பூ வண்டியை மார்க்கெட் நேரத்துக்குள் சேர்க்க ராத்திரியெல்லாம் விரட்டியிருப்பார்கள்; பாடி புதுசாக இருக்கும், கிளட்சும் கியர் பாக்ஸும் தேய்ந்திருக்கும். என்னைக் கேட்டால் கறிவேப்பிலை, காய்கறி என்று ஊருக்குள் ஓடிய வண்டிதான் நல்ல வண்டி. இத்தனையும் பார்த்து ஒரு தொகை சொல்லி, டீக்கடையில் உட்கார்ந்து ஐயாயிரம் பத்தாயிரம் இறக்கி ஏற்றி முடிப்பார் புரோக்கர். மீட்டரில் ஓடிய கிலோமீட்டரை யாரும் நம்பியதில்லை.

பழைய வண்டிக்கு விலை நிற்க இன்னொரு காரணமும் உண்டு. வாங்குபவருக்குக் கடன் கிடைத்தால்தான் விற்பவருக்கு விலை கிடைக்கும். வங்கிகள் புது லாரிக்கே யோசித்த நாளில், பழைய லாரி வாங்கும் டிரைவருக்குக் கடன் கொடுப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டது 1979-ல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ். ஆர். தியாகராஜனும் அவருடைய கூட்டாளிகளும் சம்பளச் சீட்டு கேட்கவில்லை. ஆளைத் தெரியுமா, வண்டி ஓடுமா என்று கேட்டார்கள். அப்படிப்பட்ட நிறுவனங்கள் வளர்ந்ததால்தான், ஐந்தாறு வருஷம் ஓடிய வண்டியும் பணமாக மாறக்கூடிய சொத்தாக நின்றது.

மெக்கானிக்கின் கணக்கு இன்றும் பொய்யாகவில்லை. ஆனால் அவர் வருவதற்கு முன்பே விலையின் பாதி முடிந்துவிடுகிறது, தேதிகளால்.

முதல் அடி 2017-ல் விழுந்தது. பிஎஸ்-3 என்ற பழைய புகைத் தர வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கவோ பதியவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் மார்ச் 29-ம் தேதி சொன்னது. மிச்சம் இருந்தது இரண்டே நாள். 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 வந்தது. புது வண்டி விலை ஏறியதும் நல்ல பிஎஸ்-4 வண்டிக்கு மவுசு கூடியது. காரணம் விலை மட்டும் இல்லை. பிஎஸ்-6 டீசலில் புகையை வடிகட்ட ஒரு ஏற்பாடு, அதைக் கண்காணிக்கச் சென்சார்கள். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் ஊர் மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதில்லை, ஸ்கேனர் இருக்கும் இடத்தைக் கைகாட்டுகிறார். 2022-ல் மின்சார ஏஸும் வந்துவிட்டது. அதில் ஆயில் மூடியே கிடையாது. பேட்டரியில் எவ்வளவு ஆயுள் பாக்கி என்பதற்குக் கை வைத்துப் பார்க்கும் வித்தை எதுவும் உதவாது.

அடுத்த தேதி 2025 செப்டம்பர் 22. சரக்கு வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரிக்கு முன் 6,25,000 ரூபாய் உள்ள பிக்கப், அதற்கு முந்தைய நாள் 8 லட்சம், அன்று 7,37,500. புதுசு வாங்குபவருக்கு 62,500 லாபம். அதற்கு முந்தின மாதம்தான் வாங்கிய வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தவருக்கு என்ன ஆயிற்று? ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் அவர் வண்டியின் மறுவிலை இறங்கிவிட்டது. பழைய வண்டியின் விலை எப்போதும் புது வண்டியின் விலையோடு கட்டியே இருக்கிறது. கடலுக்கு அப்பால் இது தலைகீழாக நடந்தது. இதே ஏஸ் இலங்கையில் டிமோ பட்டா. 2020 மார்ச்சில் அங்கே வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட வருஷங்களில் ரூபாயும் சரிந்தது. ஓடித் தேய்ந்த வண்டிகள் வாங்கிய விலைக்கு மேல் விற்றன. தேய்மானம் என்ற பேச்சே அங்கே கொஞ்ச காலம் பொருளில்லாமல் போனது.

இன்சூரன்ஸ் பேப்பரில் போட்டிருக்கும் ஐடிவி தொகையைத்தான் மார்க்கெட் விலை என்று பிடித்துக்கொண்டு பேரம் பேசுபவர்கள் உண்டு. அது ஓர் அட்டவணைக் கணக்கு. ஆறு மாதம் வரை 5 சதவீதம் கழிவு, ஒரு வருஷம் வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. மீன் வண்டிக்கும் காய்கறி வண்டிக்கும் ஒரே கழிவு. வருமான வரியில் வாடகைக்கு ஓடும் வண்டிக்கு வருஷம் 30 சதவீதம் தேய்மானம்: 8 லட்சம் வண்டி மூன்றே வருஷத்தில் கணக்குப் புத்தகத்தில் 2,74,400-க்கு வந்துவிடும். சந்தையில் அதைவிட நிச்சயம் கூடப் போகும். இரண்டு தொகையும் அந்தந்தக் காகிதத்துக்குத்தான். வாங்க வருகிறவருக்கு இரண்டிலும் அக்கறை கிடையாது.

அவருக்கு அக்கறை எஃப்சி என்ற தகுதிச் சான்றிதழில். முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். அதற்கப்புறம் வருஷா வருஷம். 15 வருஷம் தாண்டிய சின்னச் சரக்கு வண்டிக்கு எஃப்சி புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் மத்திய அரசு 7,500 ரூபாய் ஆக்கியது. எஃப்சி-க்காக டிங்கரிங், பெயின்ட், டயர் என்று ஆகும் செலவு தனி. ஃபைனான்ஸ்காரரும் வண்டியின் வயதை எண்ணித்தான் தவணை போடுகிறார். அதனால் எட்டு வருஷம் நெருங்கும்போது, எஃப்சி கையில் இருக்கும்போதே விற்றுவிடுவதுதான் புத்தி என்பது என் கணக்கு. எஃப்சி முடிந்த வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேரம் பேசினால், வாங்குபவர் செலவை ஒன்றுக்கு ஒன்றரையாகக் கழிப்பார்.

அன்று புரோக்கர் வாயைத்தான் நம்ப வேண்டும். இன்று வண்டி நம்பரைப் போனில் தட்டினால் எஃப்சி, இன்சூரன்ஸ், ஹெச்பி என்ற கடன் பதிவு, எத்தனாவது ஓனர் எல்லாம் வந்துவிடுகிறது. கட்டாமல் விட்ட இ-சலானும் மறைவதில்லை. கடன் கட்டி முடித்தும் ஹெச்பி-யை நீக்காமல் விட்டவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஃபைனான்ஸ் கம்பெனியில் என்ஓசி வாங்கி, படிவம் 35 கொடுத்து ஆர்சி-யில் இருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டு வண்டியைக் காட்டுங்கள். அதற்கு ஆகும் செலவு, பேரத்தில் இழப்பதைவிட நிச்சயம் குறைவு.

மாறாத பழக்கம் ஒன்று இருக்கிறது, அது மாறியே ஆக வேண்டும். படிவம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் போட்டு, மற்றதை நிரப்பாமல், ஆர்சி-யோடு புரோக்கர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவது. வண்டி அப்படியே மூன்று கை மாறும், பெயர் மட்டும் மாறாது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி ஓனர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்ற பணம் முழுசாக வந்த பிறகும் வண்டி நம்பரைப் போனில் போட்டுப் பாருங்கள். பதிவிலிருந்து உங்கள் பெயர் நீங்கும்வரை ஆர்டிஓ ஆபீஸுக்கு நடையாய் நடங்கள்.