உங்களுக்குத் தெரியுமா? நேற்றைய தேதியில் இறங்கும் தீவு

தென் பசிபிக்கில் உள்ள குக் தீவுகளில் பெரியது ராரோட்டோங்கா. ஆக்லாந்திலிருந்து ஏறக்குறைய 4 மணி நேர விமானப் பயணம். இடையே சர்வதேசத் தேதிக்கோடு வருவதால், சனிக்கிழமை காலை புறப்பட்டால் வெள்ளிக்கிழமை பிற்பகலில் இறங்கலாம். புறப்படும் தேதிக்கே அறை பதிவு செய்தவருக்கு முதல் இரவு தங்க இடமிருக்காது.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் புயலும் மிகுந்த காலம். மற்ற மாதங்களே பயணத்துக்கு ஏற்றவை. ஜூலை முதல் அக்டோபர் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கரையில் நின்றே பார்க்கக் கிடைப்பது பெரும் பேறு.

தீவைச் சுற்றிவரும் கடலோரச் சாலையின் நீளம் 32 கிலோமீட்டர்தான். பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயர் இருக்காது. வலச்சுற்றா இடச்சுற்றா என்பது மட்டுமே எழுதியிருக்கும். எதில் ஏறினாலும் ஊர் வந்துவிடும்.

நியூசிலாந்து டாலர் செல்லும். உள்ளூர் 2 டாலர் நாணயம் முக்கோண வடிவம். தீவுகளுக்கு வெளியே அது செல்லாது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய நாள். பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால், சனிக்கிழமை காலை அவருவா நகரின் புனாங்கா நுய் சந்தையிலேயே தேவையானதை வாங்கிவிடுவது நல்லது. எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீன் துண்டுகளைத் தேங்காய்ப்பாலில் கலந்த ‘இக்கா மாத்தா’ தீவின் தவறவிடக் கூடாத உணவு.

முரி காயலில் நீர் ஆழமில்லை, தெளிவானது. ஆனால் பவளத்திட்டு பிளந்திருக்கும் வாய்களில் நீரோட்டம் கடலை நோக்கி வேகமாக இழுக்கும். அங்கே நீந்தவே கூடாது.