கண்ணாடிப் பெட்டியும் தள்ளுவண்டியும்

அருங்காட்சியகத்தில் ஒரு பொருளை வைப்பது வேறு, காட்டுவது வேறு. அலமாரியில் அடுக்கிப் பெயர்ச்சீட்டு ஒட்டினால் வைத்தாயிற்று. எதன் பக்கத்தில் எது இருந்தால் விளங்கும், வருபவர் எங்கே நிற்பார், எங்கே அலுத்துப்போவார், குழந்தையின் கண்ணுக்கு எட்டுமா என்றெல்லாம் கணக்குப் போட்டு அமைப்பதுதான் காட்சியமைப்பு.

மும்பை காலாகோடாவில் 1922-இல் திறக்கப்பட்ட பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியத்தின் இன்றைய பெயர் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரஹாலயா. பிரிட்டிஷ் மியூசியத்தோடும் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தோடும் சேர்ந்து 2017 நவம்பரில் அது தொடங்கிய ‘இந்தியாவும் உலகமும்’ காட்சி, இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்களை வம்ச வரிசையில் அடுக்காமல் ஒன்பது கதைகளாகப் பிரித்தது. இந்தியப் பொருளுக்கு அருகிலேயே வேற்றுநாட்டுப் பொருள் இருந்தது. தமிழ்நாட்டு அத்திரம்பாக்கத்தின் கைக்கோடரியும் அங்கே வந்திருந்தது. தனியாகப் பார்த்தால் அது உள்ளங்கையளவு கல், அவ்வளவுதான். ஆப்பிரிக்கக் கைக்கோடரி ஒன்றைப் பக்கத்தில் வைத்தால், இரண்டிலும் ஒரே மாதிரி செதுக்கிய விளிம்பு கண்ணில் படும். பத்து லட்சம் ஆண்டுக்கும் முந்தைய கையின் பழக்கம் அது. இதைச் சொல்ல ஒரு பக்கக் குறிப்பு எழுதினாலும் யாரும் நின்று படிக்கப்போவதில்லை.

வெளிச்சம் அடுத்த தலைவலி. துணி, காகிதம், சிற்றோவியம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் அளவே வழக்கம். அதற்கு மேல் போனால் சாயம் சீக்கிரம் வெளுக்கும். ‘ஏன் இப்படி இருட்டாக வைத்திருக்கிறார்கள்’ என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு இதுதான் பதில். மும்பை மழைக்காலம் வேறு சேர்ந்தால் கண்ணாடிப் பெட்டியை இறுக மூடி, பீடத்துக்கு அடியில் சிலிக்கா ஜெல் வைத்து ஈரத்தை உறிஞ்ச வேண்டியிருக்கும்.

இத்தனை செய்தாலும், வர முடியாதவருக்கு அது காட்சியே இல்லை. ஹார்பர் லைனில் வாஷி பாலத்துக்கு முந்தைய நிலையமான மான்குர்த்திலிருந்து ரயில் பிடித்து, சிஎஸ்எம்டி முனையத்தில் இறங்கி, அங்கிருந்து காலாகோடா போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். குடும்பத்தோடு என்றால் வண்டிச் சத்தம், நுழைவுச்சீட்டு, அன்றைய கூலி எல்லாம் போகும். இதே அருங்காட்சியகம் 2015-இல் ஒரு பேருந்தையே காட்சிக்கூடமாக்கிப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. அங்கே அமைப்பின் இலக்கணமே மாறுகிறது. பேருந்தின் அகலம்தான் காட்சியின் அகலம். பின்வாங்கி நின்று பார்க்க இடமில்லை. சாலைக் குலுக்கலுக்கு எல்லாவற்றையும் இறுகப் பொருத்தியாக வேண்டும்.

இன்னும் துணிச்சலான சோதனை மும்பையின் தாராவிக் குடிசைப்பகுதியில் நடந்தது. ஸ்பானியக் கலைஞர் ஹோர்ஹே மான்யெஸ் ரூபியோவும் அமண்டா பினாட்டியும் 2016 பிப்ரவரியில் அங்கே ‘டிசைன் மியூசியம் தாராவி’யைத் தொடங்கினார்கள். கட்டடம் கிடையாது. தெருவில் காய்கறி விற்கும் தள்ளுவண்டி மாதிரி ஒன்று, அதுவே அருங்காட்சியகம். விளக்குமாறு, தண்ணீர்ப் பாத்திரம், தேநீர்க் குவளை, கிரிக்கெட் மட்டை என்று தாராவிக்காரர்கள் அன்றாடம் செய்வதும் புழங்குவதும்தான் காட்சிப்பொருள்கள். பழமையோ விலையோ இல்லாத சாமான்கள்தான், ஆனால் அவற்றைக் காட்சிக்கு வைத்த உடனே கண் நின்று பார்த்தது: குவளையின் விளிம்பை எவ்வளவு மெல்லியதாக வனைந்திருக்கிறார்கள், விளக்குமாற்றின் கட்டு எத்தனை சுற்று என்று. விளக்கப் பலகையில் மராத்தியா, ஹிந்தியா, ஆங்கிலமா, தமிழா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலையும் அங்கே குறைவாகவே இருந்தது. குவளை எப்படிச் சுடப்பட்டது என்று கேட்க வேண்டுமானால், குயவர் குடியிருப்பான கும்பர்வாடாவின் சூளைகள் அதே தாராவிக்குள்தான் புகைந்துகொண்டிருக்கின்றன.