ஒரு காலுக்கு நாலு வேலை: டிஎஸ்பி சிப்பில் பின் பங்கீடு

வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலைகளில் பெரிய டிரம்கள் சுற்றுவதைப் பார்த்திருப்பீங்க. அப்படி ஒரு டிரம்மின் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்க டிரைவ் வேண்டும். மோட்டார் கட்டுப்பாட்டுக்கென்றே வந்த சிப்களில் ஒன்று டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்320எஃப்28335. அதை வைத்தே பார்ப்போம்.

இந்த சிப்புக்கு 176 கால்கள். அதில் 88 ஜிபிஐஓ. உள்ளே இருக்கிற பிடபிள்யூஎம், சீரியல், எஸ்பிஐ, கேன் எல்லாத்துக்கும் தனித்தனிக் கால் கொடுத்தால் சிப் பெரிசாகும், விலையும் ஏறும். அதனால ஒரே காலைப் பல பேர் பங்கு போட்டுக்கறாங்க.

உதாரணம், ஜிபிஐஓ18. ஜிபிஏமக்ஸ்2 ரெஜிஸ்டரில் இதற்கு 2 பிட் (4, 5):

00 – சாதாரண ஜிபிஐஓ
01 – எஸ்பிஐ-ஏ கிளாக்
10 – சீரியல்-பி அனுப்பும் கால்
11 – கேன்-ஏ வாங்கும் கால்

எஸ்பிஐ-ஏவை இங்கேயே வச்சா 16 முதல் 19 வரை நாலு காலும் போச்சு. அப்போ கேன்-ஏவை 30, 31க்கு மாத்தணும். சீரியல்-பியை 9, 11க்கு மாத்தலாம். ஆனா அவை பிடபிள்யூஎம் 5பி, 6பி கால்கள். மூன்று ஃபேஸ் மோட்டார் ஒண்ணுக்கு 0 முதல் 5 வரை போதும், அதனால தப்பிச்சோம். ரெண்டு மோட்டார்னா 14, 15 பக்கம் போகலாம். இதையெல்லாம் போர்டு வரையறதுக்கு முன்னாடியே பேப்பரில் அட்டவணை போட்டு முடிவு பண்ணணும். போர்டு வந்த பிறகு கோடை மாத்தலாம், செம்புத் தடத்தை மாத்த முடியாது.

கோடில் வரிசை முக்கியம்: முதலில் புல்-அப், அடுத்து இன்புட் வடிகட்டல், பிறகு மக்ஸ். காலை ஜிபிஐஓ அவுட்புட்டாக வைப்பதாக இருந்தால், முதலில் மதிப்பை எழுதிவிட்டு அப்புறம்தான் திசையை மாத்தணும். இல்லேன்னா ஒரு நொடித்துளி தப்பான மதிப்பு வெளியே போகும். ஈஅலோ போடாமல் மக்ஸ் ரெஜிஸ்டரில் எழுதினால் சிப் சத்தமில்லாமல் தள்ளிவிடும். எர்ரர் எதுவும் வராது. எழுதினதைத் திரும்பப் படிச்சுப் பாருங்க.

எல்.ஈ.டி.யா இருந்தா இதெல்லாம் சின்ன விஷயம். 0, 1 ரெண்டும் ஒரே ஃபேஸின் மேல், கீழ் ஸ்விட்ச்கள். ரெண்டுக்கும் நடுவில் இடைவெளி விடும் டெட்-பேண்ட் பிடபிள்யூஎம் பகுதிக்குள்ளே இருக்கு. மக்ஸை 00லேயே விட்டுட்டு ரெண்டு காலிலும் 1 எழுதினா அந்தக் காவல் கிடையாது. ரெண்டு ஸ்விட்சும் சேர்ந்து ஆன் ஆனா டிசி பஸ் ஷார்ட்டாகி ஸ்விட்ச் வெடிக்கும்.

ரீசெட்டில் எல்லா ஜிபிஐஓவும் இன்புட். 0 முதல் 11 வரை உள் புல்-அப்பும் இணைந்திருக்காது, கால் அந்தரத்தில் தொங்கும். கேட் டிரைவர் பக்கம் வெளியே ஒரு புல்-டவுன் ரெசிஸ்டர் கட்டாயம் போடுங்க. கோட் ஓட ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நேரத்தைப் பார்த்துக்கறது அந்த ரெசிஸ்டர்தான்.