கினிப்பன்றிக்கு ஒரு மாடி வீடு

உங்கள் மூக்கு தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. கினிப்பன்றியின் மூக்கோ தரையிலிருந்து ஓரிரு அங்குல உயரத்தில்! அதற்கு வீடு கட்டும்போது இதை மறக்கக் கூடாது. ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

பெயரில்தான் பன்றி, உண்மையில் இது எலியைப் போல் கொறிக்கும் பிராணி. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதியிலிருந்து வந்தது. கூட்டமாக வாழும் இயல்புடையது ஆகையால் இரண்டாக வளர்ப்பதே நல்லது. (ஆணும் பெண்ணுமாக வாங்கிவிட்டால் சில மாதங்களில் எந்த வீடும் போதாது!)

இரண்டுக்கும் சேர்த்துக் குறைந்தது ஏழரை சதுர அடி தரை வேண்டும். மாடியை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இவை அணிலைப் போல் ஏறுபவை அல்ல, தரையில் ஓடுபவை. எனவே 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் கூண்டு செய்யுங்கள். ஒரு கோடியில், ஓரடி உயரத்தில், ஓரடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட பலகையே மாடி. அதன் விளிம்பில் அரையடித் தடுப்பு அவசியம். ஏறும் வழிக்கு மட்டும் இடம் விடுங்கள்.

நான் முதலில் செய்த கூண்டில் மாடிக்கு ஏற இரண்டடிப் பலகையைச் சாய்த்து வைத்தேன். பலகையின் முன் வந்து நின்றன, முகர்ந்தன, திரும்பிப் போயின. ஒரு வாரம் இதே கதை. உங்கள் கணக்குப் புத்தகத்தைத் திறங்கள்: உயரம் 1 அடி, பலகை 2 அடி என்றால் சைன் மதிப்பு ½, சாய்வு 30 டிகிரி. குட்டைக் கால்களுக்கு அது மலை! பலகையை மூன்றடியாக்கினேன். சாய்வு 19½ டிகிரி அளவுக்குக் குறைந்தது. இருபக்கமும் தடுப்பு வைத்து, வழுக்காமல் பழைய துண்டைச் சுற்றினேன். மறுநாளே மாடியில் கீரை தின்றன.

கம்பி வலையைப் பக்கங்களுக்கும் மேல்மூடிக்கும் வையுங்கள், பூனை வராது. தரைக்கு மட்டும் வலை கூடாது, உள்ளங்கால் புண்ணாகும். பலகைத் தரையில் ரெக்சின் விரித்து, ஓரங்களை மூன்று அங்குலம் மேலே மடக்கிவிட்டால் ஈரம் மரத்தில் ஊறாது. அதன்மேல் பழைய நாளிதழ், அதற்கும் மேல் காய்ந்த புல். மாடியையும் சாய்வுப் பலகையையும் ஆணியடித்து இறுக்க வேண்டாம். கழற்ற முடியாத மாடியைக் கழுவவும் முடியாது.

இப்போது மூக்குக்கு வருவோம். சிறுநீரில் யூரியா உண்டு; வயலுக்கு இடும் அதே யூரியாதான். ஈரப் புல்லில் வளரும் பாக்டீரியா அதைச் சிதைத்து அம்மோனியாவாக்குகிறது. அம்மோனியா காற்றைவிட லேசானதாயிற்றே, மேலே போய்விடாதா என்று கேட்பீர்கள். போகும். ஆனால் அது பிறக்கும் இடமே கினிப்பன்றியின் மூக்கடி! மேலே போவதும் மாடியில் இருப்பதன் மூக்கைத் தொட்டுவிட்டுத்தான் போகும். மூச்சுக்குழலை அது அரித்துவிட்டால் நோய்க்கிருமிகளுக்கு வழி திறந்துவிடும். நின்றபடி உங்களுக்கு வாடை அடிக்கிறதென்றால் கீழே இருப்பவை எப்போதோ அவதிப்படத் தொடங்கிவிட்டன. ஆகவே நனைந்த புல்லைத் தினமும் அகற்றுங்கள். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, வெயிலில் உலர்த்துங்கள்.

ரெக்சினில் வெள்ளையாக ஒரு படிவம் ஒட்டியிருக்கும், சோப்புக்கு அசையாது. கினிப்பன்றி உணவிலிருந்து தேவைக்கு மேல் உறிஞ்சும் கால்சியம் சிறுநீரில் வெளியேறுகிறது. அது விட்டுச்செல்லும் கால்சியம் கார்பனேட் இது. முட்டை ஓட்டில் இருப்பதும் இதுவே. வினிகரில் சமஅளவு நீர் கலந்து ஊற்றிக் கால்மணி விடுங்கள். நுரைத்து வருவது கரியமில வாயு. பிறகு தேய்த்தால் போய்விடும். நல்ல நீரில் அலசிவிடுங்கள்.

பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டவே வேண்டாம். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமீன் வரும். இரண்டுமே நச்சு, உங்களுக்கும்தான்.

கழுவிய கூண்டை நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வையுங்கள். 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெப்பம் இவற்றுக்கு ஆகாது. பழைய புல்லில் நனையாத ஒரு பிடியை எடுத்து வைத்திருந்து, புதியதோடு கலந்து போடுங்கள். தம் வாடை சிறிதும் இல்லாத வீட்டில் விட்டால் இரண்டும் மூலையில் ஒடுங்கி நிற்கும்.